மூன்று தண்ணீர்

மீன் பாசிக்கு அருகில் வந்தது. நின்றது. திரும்பிக்கொண்டது.

அவர் பெருமூச்சு விட்டார்.

அது சாப்பிட்டு இன்றோடு பதினோரு நாள்.

கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வங்கிக்கு அரைநாள் லீவு. என்ன காரணம் எழுதுவதென்று தெரியாமல், வீட்டில் உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தார். யாருக்கு என்று எழுதவில்லை.

மீனுக்கு உடம்பெல்லாம் நீலம். முகம் மட்டும் கறுப்பு. முதுகில் மஞ்சள் துடுப்பு. தாடைக்குக் கீழே பட்டையாக ஒரு வெள்ளை, திருநீறு பூசிய மாதிரி. அந்தப் பட்டையில்தான் மனிதர் விழுந்தார். தூத்துக்குடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மச்சாது என்பவர், இது பாசியைத் தவிர வேறெதையும் தொடாது, சுத்த சைவம் என்று சொன்னபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடலிலும் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார்.

மனைவி வடிவும் அதைக் கேட்டுத்தான் சம்மதித்தாள். மீனும் வந்தது, கேன் கேனாகக் கடல் தண்ணீரும் வந்தது. அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. பாளையங்கோட்டை வீட்டுக்குள் கவுச்சி வாடை வரக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக அவள் காத்துவரும் வாசல்படி அது.

இப்போது அந்த மீனுக்கு வயிறு ஒட்டிப்போயிருந்தது. முதுகு ஓரத்தில் குழி விழுந்திருந்தது.

அரைக்கீரை கொடுத்துப் பார்த்தார். பசலை கொடுத்தார். வெள்ளரிக்காயைத் தோல் சீவிக் கொடுத்தார். எல்லாவற்றையும் மரியாதைக்கு வாயில் வாங்கி, உடனே துப்பியது.

மச்சாது காய்ந்த கடற்பாசி அனுப்பினார். அப்பளம் மாதிரி மெல்லிய பச்சைத் தாள்கள். இதைத் தின்னாத மீன் கிடையாது என்றார்.

பொட்டலத்தைப் பிரித்ததும் வாடை குப்பென்று வந்தது. வடிவு சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அவர் கழுவினார். அரிசி களைவது போல மூன்று தண்ணீர். ஒவ்வொரு நாளும். ஒரு நாள் வடிவு மஞ்சள் தண்ணீரிலும் ஒரு முக்கு முக்கச் சொன்னாள். அதை மட்டும் அவர் செய்யவில்லை.

கழுவாதீர்கள் என்று மச்சாது சொல்லவில்லை. கழுவக்கூடிய ஆள் உலகத்தில் இருப்பார் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நேற்று போனில் விசாரித்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்றார்.

அதைக் கேட்டு நேற்று ராத்திரி வடிவு சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டாள்.

அவர் பயந்துபோயிருந்தார். கொசுவைக்கூட அடிக்காமல் விரட்டுகிற வீடு. அப்பாவோ தாத்தாவோ ஓர் உயிரைக் கொன்றதில்லை. அவர் கொன்றுகொண்டிருந்தார். அதுவும் சுத்தபத்தமாக.

பாசியைப் பிடித்திருந்த கிளிப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தொட்டிக்குள் கையை விட்டார்.

மீன் வந்தது.

பாசிக்கு வரவில்லை. அவர் விரலுக்கு வந்தது.

கழுவிய தாளை மாட்டிவிட்டு, கழுவாத மிச்சத்தைப் பொட்டலமாகக் கட்டிவைத்த விரல். நகக்கண்ணில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. மீன் அதை உதட்டால் தொட்டுப் பார்த்தது. மறுபடியும் தொட்டது.

அவர் அசையவில்லை.

வடிவு அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு மூக்கில்தான் இருந்தது.

“கவுச்சியப் பூராவும் கழுவிட்டா, அதுக்கு அது சாப்பாடுன்னு எப்பிடித் தெரியும்?”

அவர் திரும்பிப் பார்த்தார். சொன்னது அவள்தானா என்று பார்த்தார்.

பிறகு எழுந்துபோய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு தாளைக் கிழித்தார். கழுவவில்லை. கூடம் முழுக்க வாடை.

தாளை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார்.

மீன் தொட்டியின் மறுகோடியில் இருந்தது. தாள் நனைந்து விரிவதற்குள் அதற்குத் தெரிந்துவிட்டது. மடங்கிக் கிடந்த துடுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன.

பாய்ந்து வந்து கடித்தது.

துப்பவில்லை.

மறுபடி கடித்தது. தலையை ஓர் ஆட்டு ஆட்டிக் கிழித்தது. இத்தனூண்டு வாய். அது இழுக்கிற இழுப்பு விரல் வழியாக முழங்கை வரைக்கும் வந்தது.

விழுங்கும்போது திருநீற்றுப் பட்டை ஏறி இறங்கியது.

எந்தப் பாறையில் பிறந்ததோ. ஒரு துளி வாடையில் அந்தப் பாறையை அடையாளம் கண்டுவிட்டது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் தீபாராதனைக்கு முன்னால்கூட அவர் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

தாள் தீர்ந்தது. மீன் போகவில்லை. அவர் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. அவரும் கையை எடுக்கவில்லை.

எடுத்தபோது விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். பழக்கம்.

வடிவு குழாயை மூடினாள்.

அவர் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். இந்த முறை நடுவில் தலைப்பு இல்லை. முகத்தைச் சுளித்தாள். சுளித்தபடியே இன்னொரு முறை முகர்ந்தாள்.

பிறகு மேசைமேல் பிரிந்து கிடந்த பொட்டலத்தையும், அப்பால் தொட்டியையும் பார்த்தாள்.

வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள்.