வீட்டுக்காரர்

கடலுக்கடியில் பதிவாகும் ஒலிகளைப் பிரித்து அடுக்க, ஆறு மாதமாக அவள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திமிங்கிலம், டால்பின், இறால் என்று ஒன்பது ஃபோல்டர்கள். பத்தாவதன் பெயர் ‘வீட்டுக்காரர்’. படகிலிருந்து மைக்கைத் தண்ணீரில் இறக்குமுன், வேலை செய்கிறதா என்று அவள் கணவர் அதை மூன்று தட்டு தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தத்தை ஒதுக்கத்தான் அந்த ஃபோல்டர்.

இந்த வாரம் அதில் தினமும் ஒரு பதிவு கூடுதலாக விழுந்தது. அதே மூன்று தட்டு. ஆழம், இருநூறு மீட்டர். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கம்ப்யூட்டர் தப்பாகக் கற்றிருந்தால் ஆறு மாத உழைப்பும் அம்போ.

“இறக்கினப்புறமும் தட்டுறீங்களா?”

“எனக்கென்ன இருநூறு மீட்டருக்கா கை நீளம்? உன் கம்ப்யூட்டருக்குத்தான் காது கோளாறு.”

“சரி, நாளைக்கு ரெண்டே தட்டு தட்டுங்க. பாப்போம்.”

மறுநாளும் அந்த ஃபோல்டரில் இரண்டு பதிவுகள் இருந்தன. படகில் பதிவானதில் இரண்டு தட்டு. மீதி ஒரு தட்டு இருநூறு மீட்டர் ஆழத்தில் பதிவாகியிருந்தது.

கம்ப்யூட்டர் சரியாகத்தான் கற்றிருந்தது. ஃபோல்டருக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று யோசித்தாள். ஆனால் கடலுக்கு வெளியே நின்று தட்டியவர்கள் அவளும் கணவரும்தான்.

பெயரை அவள் மாற்றவில்லை.