நீலக் கால் வாலாட்டி

புரட்டாசி பிறந்ததும் வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவி, அன்று காலை பூர்ணிமாவின் மொட்டை மாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. அதன் கால்கள் நீலமாக இருந்தன.

"இன்னாங்க, இங்க வாங்க. போன வருஷம் செத்துச்சே, அதே குருவி."

அவள் கணவன் கார்முகிலன், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மழை வந்தால் தோல் ஊறிய நீலக் கழிவுநீரைக் கால்வாயில் திறந்துவிடுவது அங்கே வழக்கம். வெள்ளத்தோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. போன புரட்டாசியில் அப்படித் திறந்த மறுநாள், கால்வாயோரம் நீலக் கால்களோடு செத்துக் கிடந்த குருவியைப் பூர்ணிமாதான் எடுத்துவந்து மல்லித் தொட்டியில் புதைத்தாள்.

"செத்தது எப்பிடிடீ வரும்? இது வேற."

"வேறன்னா, அதுக்கும் நீங்கதான் சாயம் பூசினீங்களா? அந்தத் தண்ணிதான் நம்ம கெணத்துலயும் ஊறுது. தமிழினி அதத்தான் குடிக்கிறா. இன்னிக்குத் தொறந்தீங்கன்னா, கொழந்தையத் தூக்கினு குடியாத்தத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பேசி அடித்தது. அவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

"சரி சார். தொறக்கச் சொல்றேன்."

சுவரில் குருவி இல்லை. பூர்ணிமா ஆத்திரத்தோடு படியிறங்கினாள். சின்னச் சின்ன நீலக் காலடிகள் ஈரம் காயாமல் அவளுக்கு முன்னால் இறங்கியிருந்தன. கூடத்தைக் கடந்து, சமையலறையில் மூடிவைத்த தண்ணீர்க் குடத்தருகே அவை முடிந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

குடத்தின் பக்கத்தில் மகள் தமிழினி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.