வண்டியில் ஏறாத கட்டடம்

அமெரிக்காவின் டகோட்டாவில் ரயில் பாதை பத்து மைல் தள்ளிப் போய்விட்டதால், ஊரே அங்கே நகர்கிறது. எருதுகள் இழுக்க, உருளைக் கட்டைகளின் மேல் மளிகைக் கடை, சன்னல் திரையோடு ஆடி ஆடிப் போகிறது. பின்னால் வங்கி, அதன் பின்னால் மதுக்கடை. எல்லாமே கட்டடக் கலைஞர் ஹார்க்னஸ் அவசரத்துக்குப் பலகையில் எழுப்பியவை. அவர் நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஊரோடு சண்டை போட்டுக் கல்லில் கட்டியது இது ஒன்றுதான். வண்டிக்காரன் பிரம்லி எருதுகளை நிறுத்துகிறான். "ஏறிக்குங்க பெரியவரே. அங்க உங்களுக்கு வேலை கெடக்கு." "இதையும் இழுத்துட்டு வருவியா?" பிரம்லி தூண்களை அண்ணாந்து பார்க்கிறான். "மரமே போதும்னு அன்னைக்கே சொன்னோமே." அவன் எருதுகளை ஓட்டிப் போன புழுதி அடங்குகிறது. ஆளில்லாத தெருவுக்கு நீதிமன்றக் கோபுரக் கடிகாரம் நான்கு அடிக்கிறது. கொஞ்சம் பிந்துகிறது. ஹார்க்னஸ் சாவியோடு எழுந்து, அதைச் சரிசெய்ய மேலே ஏறுகிறார்.