ஆல்ப்ஸ் மணிப்பூ

“உண்மையைச் சொல்லு மகன். நீ குடு பாவிக்கிறியா?”

அம்மா துஷ்யந்தி இப்படிக் கேட்டதும், வேலை முடிந்து வந்த லவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“என்னம்மா கதைக்கிறீங்க?”

“காலையில நீ போனில கதைச்சதைக் கேட்டனான். தூள் மாதிரி இருக்கு, ஒளிச்சு வச்சிருக்கன், அம்மாக்குத் தெரியாது எண்டாய். தேடிப் பார்த்தன். பொட்டலம் கிடைச்சுது.”

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை அந்தப் போதைத்தூளால் அழிந்துபோயிருந்தது. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

“இஞ்ச பாருங்க, நீங்க ஒண்டும் கேட்க மாட்டீங்களா?” என்று கணவனிடம் திரும்பினாள்.

நிக்கலஸின் முகம் வெளிறிப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

“எல்லாத்தையும் கொட்டிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம். டொய்லட்டில கொட்டித் தண்ணி ஊத்திட்டன். இனிப் பொலிஸ் வந்தாலும் ஒண்டும் இல்லை.”

அவர் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். ஒரே மகன், மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று துஷ்யந்திக்கு இன்னும் அழுகை வந்தது.

லவனோ சிரித்துவிட்டான். “ஐயோ அம்மா, அது பூ விதை. சுவிஸ் சித்தி அனுப்பினது. அங்க மலையில, கல்லுக்கு இடையில படர்ந்து கிடக்கிற மணிப்பூ. நாலு விரல் உயரம்தான் வளரும். நீலமாப் பூக்கும். விதை தூள் மாதிரித்தான். ஒரு மாசம் குளிரில வச்சு, பிறகு கல்லும் மணலும் கலந்த மண்ணுக்கு மேல தூவோணும். மூடக்கூடாது, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். தண்ணி தேங்கினா அழுகிடும்.”

“இந்தப் புழுக்கத்திலயா?”

“என்ர ஏசி ரூமில, ஜன்னலோரமா. உங்கட அடுத்த பிறந்தநாளுக்குப் பூக்க வைப்பம் எண்டு பார்த்தன். அதுதான் சொல்லல்ல.”

“மாதாவே, அதையா நான் கொட்டினன்?” துஷ்யந்தி தலையில் கைவைத்தாள்.

லவன் பிரிட்ஜைத் திறந்து, மாஜரின் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டான். சின்னக் கடதாசிப் பொட்டலம் ஒன்று வந்தது.

“இது இஞ்சதானே இருக்கு. நீங்க எதைக் கொட்டினீங்க?”

“உன்ர மழைக்கோட்டுப் பைக்குள்ள இருந்ததை.”

“அந்தக் கோட்டை இந்தக் கிழமை முழுக்க அப்பாதானேம்மா போட்டுக்கொண்டு போறார்.”

துஷ்யந்தி மெல்லத் திரும்பிக் கதிரையைப் பார்த்தாள்.

நிக்கலஸ் தலை நிமிரவில்லை. “கதவைப் பூட்டு லவன்,” என்றார். “அவங்கள் இண்டைக்கு அதை எடுக்க வருவாங்கள்.”