மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

“டிவியை அணைக்கிறியா இல்லையா?”

கணவன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த ரிமோட் நழுவி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதைக் குனிந்து தேடி எடுப்பதற்குள் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான். டிவியில் ஓடியது என்னவோ வெறும் வானிலைச் செய்திதான். வெளியே போகிறவர்கள் குடை எடுத்துப்போக வேண்டும் என்று இந்த நாட்டு மொழியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

அவள் டிவியை அணைத்தாள். சமையலறைக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டாள். அண்ணன் இந்த ஊரில் வெகு காலமாக வேன் ஓட்டுகிறவன். இவர்கள் இரண்டு பேரையும் இங்கே வரவழைத்த புண்ணியவானும் அவனே.

“அண்ணா, எனக்கு என்னமோ சரியாப் படலை. இவர் எதையோ மறைக்கிறார்.”

“டிவியை அணைக்கச் சொன்னதுக்கா? போரடிச்சிருக்கும்மா.”

“டிவி மட்டுமா? நேத்து லிஃப்ட்ல பக்கத்து வீட்டம்மா இந்த ஊர் பாஷையில ‘நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டா. மனுஷன் திருதிருன்னு முழிச்சுட்டு, அடுத்த மாடியிலயே இறங்கிப் படியில ஓடுறார். எனக்கு மானமே போச்சு!”

“மாப்பிள்ளைக்குக் கூச்சம்.”

“கூச்சமாவது ஒண்ணாவது! பாஷை தெரியாதுன்னு எல்லா வாசல்லயும் திருப்பி அனுப்பினாங்கள்ல, அப்ப பாஷை பாஷைன்னு உயிரை விட்டுப் படிச்சவர்தானே? வேலை கிடைச்ச அன்னிக்கே படிப்பைத் தூக்கிக் கடாசிட்டார். நான் கிளாஸ்ல கத்துக்கிட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னாலும் ‘என் காதுல போடாதே’ன்னு சண்டைக்கு வர்றார்.”

“ஆமா, என்ன வேலைன்னுதான் சொல்றாரா?”

“கேட்டா, ‘வேலைன்னா வேலைதான், சம்பளம் வருதில்ல?’ங்கறார். கையில அழுக்கு இல்லை, சட்டையில வேர்வை இல்லை. போன மாதிரியே மடிப்புக் கலையாம வர்றார். பாஷை தெரியாத ஆளை உட்கார வச்சு யாருண்ணா சம்பளம் குடுப்பா?”

இப்போது அண்ணனுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. “ஏதாவது கள்ளக் கும்பலா இருக்குமோ? பாஷை தெரியாத ஆளுன்னா போலீஸ்ல மாட்டினாலும் எதையும் சொல்ல முடியாது பாரு.”

“ஐயோ, அண்ணா!”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா.”

“உன் பேச்சுல இடி விழ! இந்த வேலையைக் காட்டித்தான் விசாவே நீட்டி வாங்கியிருக்கோம். ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்க மாமியார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“அழாதே. நாளைக்கு எனக்கு லீவுதான். பின்னாடியே போய்ப் பார்த்துடுவோம்.”

மறுநாள் காலை கணவன் கண்ணாடி முன் நின்று தலையைப் படிய வாரினான். சென்ட் வேறு அடித்துக்கொண்டான்.

“வேலை எந்தப் பக்கங்க?” என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“பஸ்ல போற தூரம்தான்,” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

பஸ் முன்னால் போக, அண்ணனின் வேன் பின்னால் போனது. கடைத்தெருவைத் தாண்டி ஒரு பழைய கட்டடத்தின் முன் கணவன் இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான். இருவரும் அவன் கண்ணில் படாமல் பின்னாலேயே மாடி ஏறினார்கள். நீளமான நடை. கடைசி அறையின் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். அவள் எக்கி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கணவன் ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஓர் இளம்பெண். அவள் சிரித்துக்கொண்டே தன் மூக்கைத் தொட்டாள். பிறகு அவன் மூக்கையும் தொட்டாள்! அவன் ஈயென்று இளித்தான்.

“ஏய், அவசரப்படாதே!” என்று அண்ணன் கையைப் பிடிப்பதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இதுக்குத்தான் சென்ட்டா? நான் அங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க இங்க மூக்கைத் தொட்டு விளையாடுறீங்களா?”

அந்தப் பெண் பயந்துபோய் சுவரோரம் ஒதுங்கினாள். அப்போதுதான் மனைவி கவனித்தாள். அறையின் பின்பக்கம் பத்திருபது இளைஞர்கள் கையில் பேனாவோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எழுந்து, காவலாளியைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

கணவனுக்கு முகம் வெளிறிவிட்டது. பாய்ந்து வந்து மனைவிக்கு முன்னால் நின்றான்.

“அம்மா, தயவுசெய்து காவலாளியைக் கூப்பிடாதீர்கள்! இவள் என் மனைவி. ரொம்ப நல்லவள். நான் பார்க்கிற வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு இவளிடம் மறைத்துவிட்டேன். தப்பெல்லாம் என்னுடையதுதான்.”

அத்தனையையும் இந்த நாட்டு மொழியில், ஓர் இடத்திலும் திக்காமல், தண்ணீர் பட்ட பாடாகப் பேசினான். அவளுடைய வகுப்பில் ஒருவருக்குக்கூட அப்படிப் பேச வராது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல் அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

பேசி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த அம்மாள் போனை வைத்துவிட்டு மெல்ல நடந்து வந்தாள். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்!” என்றாள் நிஜமான வருத்தத்தோடு. “ஆனால் ஆசிரியர் வேலைக்குப் படிக்கிற இந்தப் பிள்ளைகள் பாடம் நடத்திப் பழகுவதற்கு, எங்கள் மொழியே தெரியாத ஓர் ஆள்தான் எங்களுக்கு வேண்டும். நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம்.”