பச்சையப்பனைக் கொன்றவர்

தியேட்டர் வாசலில் டிக்கெட்டும் கையுமாக நின்றிருந்த நல்லுசாமியைப் பொன்னம்மாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எம்புள்ள படத்துக்கு வந்து நிக்கிறீங்க?"

அரியலூரில் காலைக் காட்சிக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கட்-அவுட்டுக்கு முன்னால் அடித்துக்கொண்டிருந்த மேளம்கூட நின்றுவிட்டது.

அவள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் மகன் பிரேம்குமார், தினமும் டி.வி.யில் வந்த ஒரு சிரிப்பு சீரியலில் வீட்டோடு மாப்பிள்ளை பச்சையப்பனாக நடித்தவன். மாமியாரிடம் திட்டு வாங்கியே வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்தவன். அவனுக்கு சினிமாவில் காமெடிப் படம் ஒன்றில் ஹீரோ வாய்ப்பு வந்தது. வந்த கையோடு சீரியல் டைரக்டர் நல்லுசாமி பச்சையப்பனைக் கொன்றுவிட்டார்.

அதுவும் லாரியில் அடித்து.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ராப்பகலாக ஓடுகிற ரோட்டில் போய் வருகிறவளுக்கு அது விளையாட்டு இல்லை. மகன் போட்டோவுக்கு மாலை போட்டுப் பக்கத்தில் விளக்கும் ஏற்றி வைத்ததை டி.வி.யில் பார்த்தவள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலையா? அந்த அபசகுனம் படத்தைப் பிடிக்குமோ, பிள்ளையையே பிடிக்குமோ என்று பயந்து, தன் ஊர் விக்கிரமங்கலத்திலிருந்து திருமழபாடி கோயிலுக்கு நடையாய் நடந்து விளக்குப் போட்டாள்.

"ஆளை மாத்தணும்னா 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு வரி போட்டா ஆச்சு. எல்லா சீரியல்லயும் அப்படித்தான போடுறாங்க? எங்க வூட்டுக்கு வந்து என் கையால கோழிக்கொழம்பு சாப்பிட்டீங்களே, உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா? எம்புள்ள மேல போறது பொறுக்கலை. அதான?"

நல்லுசாமி கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார்.

"தப்புத்தாங்க அக்கா" என்றார்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது அவள் கொஞ்சம் இறங்கி வந்திருப்பாள். இது அவளை இன்னும் ஏற்றிவிட்டது.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நான் பட்ட வேதனை போயிடுமா?"

கூட வந்திருந்த பக்கத்து வீட்டு வளர்மதி அவள் காதைக் கடித்தாள். "வுடுங்க அத்தை. அந்த எபிசோடு வந்த மறுநாளே இவரை சீரியல் கம்பெனில வெளிய அனுப்பிட்டாங்களாம். ஏலாக்குறிச்சில அண்ணன் வூட்டோடதான் கெடக்குறாராம்."

காதோடு கேட்டதற்குப் பொன்னம்மாள் ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"நல்லா வேணும்! அடுத்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டா சாமி சும்மா வுடுமா?"

யாரோ விசில் அடித்தார்கள். நாலைந்து செல்போன்கள் படம் பிடித்தன. டிக்கெட் கிடைக்காமல் நின்ற ஒருவரிடம் தன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நல்லுசாமி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

பொன்னம்மாளுக்கு ரொம்ப நாள் பாரம் இறங்கினாற்போல இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். படம் சக்கைப்போடு போட்டது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. பெற்ற வயிற்றுக்குக் கேட்க வேண்டுமா?

இடைவேளையில் பிரேம்குமார் வந்து இறங்கினான். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. ஒருவழியாக மேனேஜர் அறைக்குள் அம்மாவிடம் வந்து சேர்ந்தான்.

"நல்லுசாமி சார் எங்கம்மா உக்காந்திருக்காரு? இங்கதான் பாப்பேன்னு சொன்னாரு."

"வந்தாரு, வந்தாரு. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். நிக்க முடியாம போயிட்டாரு."

பிரேம்குமாரின் சிரிப்பு நின்றுவிட்டது. போனை எடுத்து அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"உன்னைக் கொன்ன ஆளுகிட்ட உனக்கு என்னடா பேச்சு?"

கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அம்மா, பச்சையப்பன் உசுரோட இருக்குற வரைக்கும் நான் சினிமா பக்கம் போகக் கூடாது. கம்பெனில அப்படித்தான் எழுதி வாங்கியிருந்தாங்க. வேற ஆளைப் போடவும் ஒத்துக்கலை. அன்னன்னிக்கு எடுக்குறதை அன்னன்னிக்கே டி.வி.ல போட்டுடுவாங்க இல்ல? அவங்க கண்ணுல படுறதுக்குள்ள அவரு லாரியை வுட்டு அடிச்சு, கதையை முடிச்சு அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் அவரு வேலை போச்சு."

பொன்னம்மாள் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"அடப்பாவி! இத்தனை மாசமா அந்த மனுசனைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"விஷயம் கசிஞ்சா கேஸ் போட்டுப் படத்தை நிறுத்திடுவாங்க, படம் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதன்னு அவருதாம்மா சொன்னாரு. அம்மா திட்டுறாங்க சார்னு சொன்னேன். திட்டுனா நான் வாங்கிக்கிறேன்டான்னாரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தன் பொழப்பையே கெடுத்துக்குற இந்த யோசனை அவருக்கு எப்படிடா வந்துச்சு?"

பிரேம்குமாரால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவருக்கு எங்கம்மா வந்துச்சு? நான்தான் அவரு கால்ல வுழுந்தேன், 'எப்படியாவது என்னைக் கொன்னுடுங்க சார்'னு."