மூன்று விலா, ஒரு துரோகி

"கூட இருந்தே எனக்குக் குழி பறிச்சிருக்கீங்கப்பா. யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி மாணிக்கவேல் கர்ஜித்தார். விலா சுண்டி இழுத்ததில் கர்ஜனை பாதியிலேயே "அம்மா" என்று முடிந்தது.

நெசவாளர் சங்கத் தலைவர் அவர். உற்சவத்தில் போட்டோவுக்காக வாகனத் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். போட்டோகிராபர் போன பிறகும் போஸை விடவில்லை. சாமி புறப்பட்டது, தலைவர் விழுந்தார், மூன்று விலா எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, கட்டுத்துணியை விலக்கித் தையலைத் தொட்டுக் காட்டினார். "பாருப்பா, டைட்டானியம்!"

பன்னிரண்டாம் நாள் தையல் ஓரம் சீழ் கட்டியது. தொற்று தகடு வரை இறங்கியிருந்தால் மறுபடியும் திறக்க வேண்டும் என்றார் டாக்டர் சந்தியா.

கிருமி வந்ததென்றால் எவனோ கொண்டுவந்திருக்கிறான். அதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. ஆளும் சுலபமாகக் கிடைத்தான். தலையணைக்கு அடியில் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது.

"மாகறல் கோயிலு விபூதி மாமா. நெத்தியில மட்டுந்தான் வெச்சேன்" என்றான் சிவபாலன், அவர் மனைவியின் தம்பி.

"அடுத்த எலெக்‌ஷன்ல என் நாற்காலிக்கு நிக்கப் போறவனாச்சே நீ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இன்னாங்க பேசுறீங்க?" மனைவி நீலாம்பாள் குறுக்கே வந்தாள். "தறிய அப்படியே போட்டுட்டு, பன்னெண்டு நாளா இந்தத் தரையில படுத்துக்கினு உங்களப் பாத்துக்குறான்."

"அதத்தாம்மா சொல்றேன். பக்கத்துலயே படுத்துக்கினு செஞ்சிருக்கான்."

"தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் சங்க குமாஸ்தா வேணுகோபால். அவருக்கு அதுதான் உத்தியோகம்.

எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லித் தலைவர் அடம்பிடித்தார். நர்ஸ் வந்து மூன்று பேர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாள். நாலாவது குச்சி தன்னை நோக்கி வந்ததும் தலைவர் சீறினார்.

"எனக்கு எதுக்கும்மா? நான் பேஷண்ட்டு!"

"டாக்டர் சொன்னாங்க சார்" என்று அவள் வேலையை முடித்துக்கொண்டு போனாள்.

ரிசல்ட் வரும்வரை தலைவருக்குப் பொறுக்கவில்லை. "சிவபாலா, சங்கத்துலருந்து உன் பேர எடுத்தாச்சு. இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காதே."

சிவபாலன் பாயைச் சுருட்டினான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மாமாவுக்கு ஆறு மணிக்கு மாத்திர இருக்குதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் டாக்டர் காகிதத்தோடு வந்தார்.

"நாலு பேர்ல மூணு பேருக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தர் மூக்குல மட்டும், சீழ்ல இருந்த அதே கிருமி இருக்குது. அது மூக்குல குடியிருக்கும். அங்கேருந்து கை வழியா புண்ணுக்குப் போயிருக்குது."

"கேட்டியா நீலா?" தலைவர் முகத்தில் இத்தனை நாளாகக் காணாத வெளிச்சம். "மச்சான் மச்சான்னு சோறு போட்டு வளத்தேனே, உன் தம்பி பண்ண துரோகத்தப் பாத்தியா?"

நீலாம்பாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேணுகோபால் மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். "பேரச் சொல்லுங்க டாக்டர். எல்லாரும் கேக்கட்டும்!"

டாக்டர் காகிதத்தை மடித்தார்.

"ஐயா, மொதல்ல அந்தக் கைய மீசையிலருந்து எடுங்க."